குறைந்த விலை வாட்-கட்டுப்பாட்டு வேப் பெட்டி: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிதல்

மின்னேற்றிப் பயன்படுத்தும் உருளை வடிவ 18650 பேட்டரி ஒன்றில் இயங்கும் குறைந்த விலை வேப் பெட்டி (மின்னணு சிகரெட்டில் பேட்டரியும் மின்சுற்றும் உள்ள பகுதி) சரியாக வேலை செய்யாதபோது, வாங்கியவர் முதலில் குறை சொல்வது பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றை. ஆனால் கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை; பேட்டரியில், பேட்டரியைத் தொடும் உலோகத் தகட்டில், திரவம் நிரப்பும் டேங்க்கின் அடிமுள்ளில் அல்லது அத்திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயிலில்தான் இருக்கிறது. பெட்டியைத் தூக்கி எறிவதற்கு முன்பும், அது நல்ல பெட்டியா என்று தீர்ப்பளிப்பதற்கு முன்பும், இந்த நான்கையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். கீழே உள்ள வழிமுறை அறிகுறிவாரியாக எழுதப்பட்டுள்ளது.

எடுத்துக்காட்டாக நான் மனத்தில் கொண்டிருப்பது ஈலீஃப் நிறுவனத்தின் ஐஸ்டிக் பிக்கோ வகைப் பெட்டி. 2016 வாக்கில் பரவலாக விற்பனையான இது, ஒரே ஒரு பேட்டரியைக் கொண்டு 75 வாட் வரை தருவதாகக் குறிக்கப்பட்டது. சாதாரண வாட் முறையில் 0.1 முதல் 3.5 ஓம் வரையிலான காயில்களையும், வெப்பக் கட்டுப்பாட்டு முறையில் 100 முதல் 315 டிகிரி செல்சியஸ் வரையிலான அமைப்பையும் ஏற்கும். அதன் பிறகு வந்த ஏராளமான மலிவுப் பெட்டிகள் ஏறத்தாழ இதே அமைப்பில் உள்ளவை என்பதால், இங்கே சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

சட்டம் பற்றி ஒரு சொல். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டப்படி இக்கருவிகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் அனைத்தும் குற்றம்; சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆகவே இது, பிரிட்டன் போன்று சட்டப்படி விற்கப்படும் நாடுகளில், சிகரெட்டை விடுவதற்காக இக்கருவிக்கு மாறிய வயது வந்தவர்களுக்கானது. நிக்கோட்டின் பழக்கப்படுத்தும் பொருள். புகைபிடிக்காதவர் இதைத் தொடங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு சாதாரண மல்டிமீட்டர், நல்ல நிலையில் இருப்பது உறுதியான இரண்டாவது பேட்டரி, நன்றாக வேலை செய்யும் இரண்டாவது டேங்க், கொஞ்சம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு சுற்றிய குச்சிகள். டேங்க்குக்குப் பதிலாகப் பொருத்தி, நாமே காயில் கட்டிக்கொள்ளும் திறந்த ஆவியாக்கியான ஆர்டிஏ ஒன்றும் இருந்தால் சோதனை மிக எளிதாகும். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும் என்ற விதியை மீறாதீர்கள். பேட்டரியையும் டேங்க்கையும் ஒன்றாக மாற்றிவிட்டால், பிழை நீங்கினாலும் அது எங்கே இருந்தது என்று தெரியாமலே போய்விடும்.

அறிகுறி: பொத்தானை அழுத்தினால் திரையில் எதுவும் வரவில்லை

முதலில் ஐந்து முறை விரைவாக அழுத்திப் பாருங்கள். இவ்வகைப் பெட்டிகளை இயக்குவதும் அணைப்பதும் பெரும்பாலும் அப்படித்தான். அதன் பின் பேட்டரியை வெளியே எடுத்து மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். முழுமையாக மின்னேற்றப்பட்ட பேட்டரி 4.2 வோல்ட்டுக்கு அருகில் காட்டும், 3.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அது தீர்ந்துவிட்டது என்று பொருள். 2.5 வோல்ட்டுக்கும் கீழே போய்ப் பல நாள் அப்படியே கிடந்த பேட்டரியை மீண்டும் மின்னேற்ற முயல வேண்டாம். உள்ளே செம்பு கரைந்து படிந்திருக்கக்கூடும். அது பின்னர் உள்ளிருந்தே குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம்.

பேட்டரி நன்றாக இருந்தால், பெட்டிக்குள் குறித்துள்ள திசையில்தான் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பிக்கோவில் பேட்டரியின் மூடி மேல்பக்கம் டேங்க்குக்கு அருகிலேயே திருகப்படுகிறது. அந்த மரையும் மூடியின் உட்பக்கத் தகடும் மின்பாதையின் ஒரு பகுதி என்பதால், மரையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் கசிந்து காய்ந்த திரவமுமே பெட்டியைச் செத்ததுபோல் காட்டப் போதுமானவை. ஆல்கஹாலில் நனைத்த குச்சியால் துடைத்து, காயவிட்டு, மூடியை இறுதிவரை திருகிப் பாருங்கள். இதே காரணத்தால்தான் சில பெட்டிகள் மேசையில் இருக்கும்போது வேலை செய்து, கையில் எடுத்தவுடன் அணைகின்றன.

அறிகுறி: ‘நோ ஆட்டமைசர்’ என்ற செய்தி, அல்லது மின்தடை நிலையின்றி மாறுகிறது

ஆட்டமைசர் என்பது காயிலோடு கூடிய டேங்க்; அது பொருத்தப்படவில்லை என்று பெட்டி கருதுவதையே இச்செய்தி சொல்கிறது. 0.50 ஓம் காட்டிய காயில் அடுத்த இழுப்பில் 0.58, பிறகு 0.47 என்று அலைந்தால், அது அநேகமாகத் தொடுபுள்ளியின் கோளாறு. டேங்க்கைக் கழற்றி, அது திருகப்படும் பெட்டியின் 510 மரையின் நடுவில் உள்ள முள்ளைப் பாருங்கள். பிக்கோவில் அந்த முள்ளின் கீழே ஒரு சுருள்வில் உண்டு. விரலால் மெல்ல அழுத்தினால் இறங்கி, விட்டதும் எழ வேண்டும். திரவம் உள்ளே இறங்கிப் பிசினாகிவிட்டால் அது கீழேயே தங்கிவிடும். சுத்தம் செய்த பின் டேங்க்கை விரல் பலத்தில் மட்டும் திருகுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் முள்ளைச் சுற்றியுள்ள மின்காப்பு வளையம் நசுங்கி, பிறகு ‘ஆட்டமைசர் ஷார்ட்’ (குறுக்குச்சுற்று) என்ற செய்தி வரத் தொடங்கும்.

தொடுபுள்ளி சுத்தமாக இருந்தும் எண் அலைந்தால், டேங்க்கின் உள்ளே காயில் தலை முழுதாகத் திருகப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பிறகு இரண்டாவது டேங்க்கைப் போடுங்கள். அதிலும் அலைந்தால் மட்டுமே பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

பெட்டி காட்டும் மின்தடை உண்மையானதா என்பது வேறு கேள்வி. சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே 0.2 ஓம் அளவில் மின்தடை இருக்கக்கூடும் என்பதால், 0.3 ஓம் காயிலை அதைக் கொண்டு நேரடியாக அளப்பது வீண். இதைவிட நம்பத்தக்க வழி, 1 சதவீதப் பிழை எல்லை கொண்ட 0.5 அல்லது 1 ஓம் மின்தடையம் (ரெசிஸ்டர்) ஒன்றை மின்னணுப் பொருள் கடையில் வாங்கி, ஆர்டிஏவில் காயிலைக் கட்டும் இரு கம்பங்களுக்கிடையே பொருத்தி, பொத்தானை அழுத்தாமல் பெட்டி காட்டும் எண்ணை மட்டும் பார்ப்பது. 0.02 ஓம் வரை வேறுபாடு இருந்தால் வாட் முறையில் கவலையில்லை. வெப்பக் கட்டுப்பாட்டில் அதுவே பெரிய பிழையாகிவிடும் என்பதைக் கீழே காணலாம்.

அறிகுறி: பேட்டரி நிறைந்திருந்தும் ‘வீக் பேட்டரி’ என்கிறது

மலிவுப் பெட்டிகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் செய்தி இதுதான். பெட்டி பார்ப்பது பேட்டரி ஓய்வில் இருக்கும்போதுள்ள மின்னழுத்தத்தை அன்று; பொத்தானை அழுத்தும் நொடியில் அது எவ்வளவு சரிகிறது என்பதையே பார்க்கிறது. எனவே திரையில் பேட்டரிச் சின்னம் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும்போதே இச்செய்தி வரலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 40 வாட் அமைத்திருக்கிறீர்கள், சுற்றின் திறன் 90 சதவீதம் என்று கொண்டால், பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 44 வாட் வெளியேற வேண்டும். பேட்டரி 4 வோல்ட்டில் இருக்கும்போது அது 11 ஆம்பியர், 3.2 வோல்ட்டுக்கு இறங்கியபோது அதே 40 வாட்டுக்கு 14 ஆம்பியர். பெட்டி வாட்டை நிலையாகக் காக்க முயல்வதால், பேட்டரி சோர்வடையச் சோர்வடைய அதன் மீதான சுமை கூடுகிறது. இத்துடன் பேட்டரியின் உள் மின்தடையைச் சேர்த்துப் பாருங்கள். தொடுபுள்ளிகளையும் சேர்த்து 0.03 ஓம் உள்ள புதிய பேட்டரி 14 ஆம்பியரில் 0.42 வோல்ட் சரியும்; அது முதுமையடைந்து 0.08 ஓம் ஆகிவிட்டால் சரிவு 1.1 வோல்ட்டுக்கு மேல். ஓய்வில் 3.9 வோல்ட் காட்டும் பேட்டரி, சுமையில் 2.8 வோல்ட்டாகிறது. பெட்டி புகார் சொல்வதில் தவறே இல்லை.

இதே கணக்கை 75 வாட்டுக்குப் போட்டால் இவ்வகைப் பெட்டியின் உண்மையான எல்லை தெரியும். சுமையில் 3.2 வோல்ட் என்று கொண்டால் 26 ஆம்பியர் தேவை. வேப் பயன்பாட்டில் மிகவும் பரவிய பேட்டரிகளான சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 ஆகிய இரண்டும் தொடர்ச்சியாக 20 ஆம்பியருக்கு மட்டுமே மதிப்பிடப்பட்டவை. 20 ஆம்பியரை 3.2 வோல்ட்டால் பெருக்கி, அதில் 90 சதவீதத்தை எடுத்தால் 58 வாட் வருகிறது. ஆகவே பெட்டியின் மேல் 75 என்று அச்சிட்டிருந்தாலும், ஒற்றைப் பேட்டரிப் பெட்டியை 50 வாட்டுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்றே நான் அழுத்திச் சொல்வேன். அன்றாடப் பயன்பாட்டுக்கு 40 வாட் போதும், பேட்டரியும் நீண்ட நாள் உழைக்கும். இதை ஒரு மதிப்பாய்வு சொல்லாமல் விட்டால், வாங்குபவருக்கு மிகவும் தேவையான செய்தியையே அது விட்டுவிட்டதாகும்.

செய்ய வேண்டியது இது: நல்ல நிலையில் உள்ள இரண்டாவது பேட்டரியை முழுதாக மின்னேற்றிப் போட்டு, அதே வாட்டில் இழுத்துப் பாருங்கள். செய்தி மறைந்தால் பழைய பேட்டரி ஓய்வு பெற வேண்டிய நேரம். மறையாவிட்டால் தொடுபுள்ளிகளை மீண்டும் துடையுங்கள். அதன் பின்னும் 20 வாட்டிலேயே வந்தால், பெட்டியின் உள்ளிருக்கும் பற்றவைப்புகளில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம்.

பேட்டரி போலியாகவும் இருக்கலாம். 18650 அளவில் நம்பத்தக்க பேட்டரிகளின் கொள்ளளவு ஏறத்தாழ 3500 மில்லி ஆம்பியர்-மணியைத் தாண்டுவதில்லை. 5000, 9900 என்று உறையில் அச்சிட்டவற்றை எந்தக் கருவியிலும் போட வேண்டாம். பேட்டரியின் நிற உறை சிறிது கிழிந்திருந்தாலும் உறையை மாற்றுங்கள். அந்த உருளையின் பக்கமும் அடியும் முழுவதும் எதிர்முனை என்பதால், கிழிசல் பெட்டியின் உலோக உடலைத் தொட்டால் குறுக்குச்சுற்று. சாவி, நாணயங்களோடு பேட்டரியைச் சட்டைப்பையில் வைப்பவர்களுக்கு நேர்ந்த தீக்காயங்களுக்கும் காரணம் இதே போன்ற குறுக்குச்சுற்றுதான்.

அறிகுறி: வாட்டை உயர்த்தினாலும் ஆவி பெருகவில்லை

இங்கேதான் பெட்டியை உண்மையில் மதிப்பிட முடியும். ஆர்டிஏவில் ஒரு காயிலைக் கட்டி, பஞ்சை நன்றாக நனைத்து, மேல்மூடியைக் கழற்றிவிட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டே இரு கம்பங்களிலும் மல்டிமீட்டர் முனைகளை வைத்து மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். முனைகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க, பொத்தானை அழுத்த இன்னொருவரின் துணை இருப்பது நல்லது. வர வேண்டிய மின்னழுத்தம், வாட்டை மின்தடையால் பெருக்கியதன் வர்க்கமூலம். 30 வாட்டில், 0.2 ஓம் காயிலுக்கு 2.45 வோல்ட், 0.5 ஓமுக்கு 3.87 வோல்ட், 1.5 ஓமுக்கு 6.71 வோல்ட்.

இந்த மூன்று புள்ளிகளையும் காரணத்தோடுதான் தேர்ந்தேன். முதலாவது பேட்டரியின் மின்னழுத்தத்துக்குக் கீழே இருப்பதால் சுற்று அதைக் குறைக்க வேண்டும். மூன்றாவது மேலே இருப்பதால் சுற்று அதை உயர்த்த வேண்டும். இரண்டாவது எல்லையில் நிற்கிறது. மிக மலிவான சில பெட்டிகளில் உயர்த்தும் பகுதியே கிடையாது. அப்பெட்டியில் 1.5 ஓம் காயிலைப் போட்டால், பேட்டரி நிறைந்திருக்கும்போதுகூட 4.2 வோல்ட்டைத் தாண்டாது; அதாவது திரை 30 என்று காட்டினாலும் காயிலுக்குப் போவது 12 வாட்டுக்கும் குறைவு. வாட்டை எவ்வளவு உயர்த்தினாலும் ஆவி பெருகாததற்கு இதுவே முதற்காரணம். பேட்டரி பாதியாகத் தீர்ந்த பிறகும் அதே அளவுகளை ஒருமுறை எடுங்கள்; நிறைந்த பேட்டரியில் மட்டும் சோதித்துவிட்டுப் புகழ்வது நியாயமாகாது.

0.5 ஓமில் 3.87க்குப் பதில் 3.70 வந்தால், உண்மையான வாட் 27.4. மின்னழுத்தத்தில் 4 சதவீதக் குறை, வாட்டில் 9 சதவீதக் குறையாகிறது. குறைந்த விலைக் கருவியில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன்; அது எல்லா வாட்டிலும் ஒரே விகிதத்தில் குறைந்தால் இன்னும் எளிது, பயனர் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்வார். 20 வாட்டில் சரியாகவும் 40 வாட்டில் கால் பங்கு குறைவாகவும் தரும் பெட்டியை நம்ப முடியாது.

ஒரு எச்சரிக்கை. சில பெட்டிகள் சீரான மின்னழுத்தத்தைத் தராமல், துடிப்புகளாக அனுப்புகின்றன. சாதாரண மல்டிமீட்டர் சராசரியை மட்டுமே காட்டும். பாதி நேரம் 6 வோல்ட், பாதி நேரம் சுழியம் என்றால் மீட்டர் 3 வோல்ட் காட்டும். ஆனால் காயில் சூடாவதைப் பொறுத்தவரை அது 4.24 வோல்ட்டுக்குச் சமம், அதாவது நீங்கள் கணக்கிட்ட வாட்டைப்போல் இரு மடங்கு. வாமோ என்ற பழைய வேப் கருவிகளில் சராசரி, ஆர்எம்எஸ் (சூடாக்கும் ஆற்றலுக்கு ஈடான மின்னழுத்தம்) என்று இரண்டு முறைகள் தனித்தனியே இருந்தது இந்த வேறுபாட்டால்தான். குறைந்த வாட்டிலேயே ஆவி சூடாகவும் கரகரவென்ற ஒலியோடும் வந்தால் துடிப்பைச் சந்தேகித்து, அலைகாட்டி (ஆசிலோஸ்கோப்) வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: தீய்ந்த சுவை

உடனே நிறுத்துங்கள். காய்ந்த பஞ்சும் வறண்ட காயிலும் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்ற தீங்கான பொருள்கள் உண்டாகின்றன. அச்சுவையைப் பொறுத்துக்கொண்டு தொடர்வதில் எந்த நன்மையும் இல்லை. புதிய காயிலில் பஞ்சுத் துளைகளில் நாலைந்து துளி விட்டு, டேங்க்கை நிரப்பி, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். காயிலின் உடலில் பொறித்துள்ள வாட் எல்லையின் அடிமட்டத்தில் தொடங்குங்கள். கிளிசரின் விகிதம் மிகுந்த கெட்டித் திரவம் சிறிய துளைகள் உள்ள காயிலுக்குப் போதுமான வேகத்தில் இறங்காது. ஒருமுறை தீய்ந்த பஞ்சு மீளாது, மாற்றியே ஆக வேண்டும். இவ்வளவும் செய்தும் தீய்ந்தால், மேலே சொன்ன முறையில் பெட்டி கூடுதல் வாட் அனுப்புகிறதா என்று அளந்து பாருங்கள்.

அறிகுறி: வெப்பக் கட்டுப்பாடு முதல் நொடியிலேயே மின்னோட்டத்தை வெட்டுகிறது, அல்லது வெட்டுவதே இல்லை

காயிலின் சூட்டை நேரடியாக அளக்கும் வெப்பமானி எதுவும் பெட்டிக்குள் இல்லை. கம்பி சூடாகும்போது அதன் மின்தடை உயர்கிறது. அந்த உயர்விலிருந்துதான் பெட்டி வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. ஆகவே இம்முறையின் துல்லியம் முழுவதும், குளிர்ந்த நிலையில் பெட்டி பதிந்துகொண்ட முதல் மின்தடையையும், கம்பியின் வகைக்கு நீங்கள் தேர்ந்த டிசிஆர் எண்ணையும் (ஒரு டிகிரி சூட்டுக்கு மின்தடை உயரும் விகிதம்) சார்ந்தது.

நிக்கல் 200 கம்பியின் டிசிஆர் ஏறத்தாழ 0.006. அறை வெப்பத்தில் 0.15 ஓம் உள்ள காயில் 250 டிகிரியில் 0.36 ஓம் ஆகிறது. இரண்டு மடங்குக்கும் மேலான மாற்றம் என்பதால் மலிவான சுற்றும் அதைப் பின்தொடரும். எஸ்எஸ் 316எல் எஃகின் டிசிஆர் சுமார் 0.0009 மட்டுமே. 0.5 ஓம் எஃகுக் காயில் அதே 250 டிகிரியில் 0.6 ஓமை ஒட்டித்தான் நிற்கிறது. இப்போது முன்பு சொன்ன 0.02 ஓம் பிழையை எண்ணிப் பாருங்கள்: நிக்கலில் அது ஏறத்தாழ 22 டிகிரிப் பிழை, எஃகில் 44 டிகிரிப் பிழை. இந்தக் காரணத்தால்தான், அழுக்கான 510 முள் வாட் முறையில் எந்தத் தொல்லையும் தராமல், வெப்பக் கட்டுப்பாட்டில் மட்டும் பெட்டியையே பயனற்றதாகக் காட்டுகிறது.

முதல் நொடியிலேயே ‘டெம்ப் புரொடெக்‌ஷன்’ வந்தால், பெட்டி பதிந்த அடிப்படை மின்தடை உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம், அல்லது தொடுபுள்ளி தளர்ந்து, சூடாகாத கம்பியையே சூடானதாகக் காட்டலாம். டேங்க்கைக் கழற்றி, பெட்டியும் டேங்க்கும் அறை வெப்பத்துக்கு வரும்வரை கால்மணி நேரம் விட்டு, மீண்டும் திருகி, புதிய மின்தடையைப் பதியவைத்துப் பூட்டுங்கள். வெட்டுவதே இல்லை என்றால் அதற்கு நேரெதிரானது நடந்திருக்கலாம்: டேங்க் சூடாக இருந்தபோதே கழற்றி மாட்டியதால் உயர்ந்த மின்தடை அடிப்படையாகப் பதிந்துவிட்டது. அல்லது காயில், காந்தல் (Kanthal) எனப்படும் இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவைக் கம்பியாக இருக்கலாம். அதன் மின்தடை வெப்பத்தால் ஏறத்தாழ மாறுவதே இல்லை என்பதால் இம்முறைக்கு அது உதவாது. டைட்டானியக் கம்பிக்கு நிக்கல் முறையைத் தேர்ந்தாலும், மின்தடை எதிர்பார்த்த அளவு உயராததால் காயில் மிகையாகச் சூடாகும். நிக்கலையும் டைட்டானியத்தையும் சாதாரண வாட் முறையில் சூடாக்கவே கூடாது.

உறுதிசெய்ய உலர்பஞ்சுச் சோதனை உண்டு. எஃகுக் காயிலில் திரவமில்லாத சுத்தமான பஞ்சை வைத்து, 200 டிகிரி அமைத்து, திறந்த ஆர்டிஏவில், வாயருகே கொண்டுபோகாமல் ஐந்து நொடி அழுத்துங்கள். பஞ்சு வெண்மையாகவே இருக்க வேண்டும். பத்துப் பத்து டிகிரியாக உயர்த்திக்கொண்டே போனால், சுமார் 210க்கு மேல் எங்கோ பழுப்பு ஏறத் தொடங்கும். 200லேயே கருகினால் கட்டுப்பாடு பொய் சொல்கிறது. 270 வரை வெண்மையாகவே இருந்தாலும் அப்படித்தான். டிசிஆரைக் கையால் அமைக்க முடிந்த பெட்டிகளில் அந்த எண்ணைச் சிறிது மாற்றி இதைத் திருத்தலாம். அவ்வசதி இருப்பதே மலிவுப் பெட்டிக்கு ஒரு பெரிய மதிப்பு என்று கருதுகிறேன்.

அறிகுறி: பெட்டி சூடாகிறது

எங்கே சூடாகிறது என்பதைத் தொட்டுப் பாருங்கள். டேங்க்கின் அடிப்பகுதி மட்டும் சூடானால் அது காயிலிலிருந்து இறங்கும் வெப்பம், இயல்பானது. சுற்று இருக்கும் பக்கம் இளஞ்சூடாவதும் இயல்பே. 40 வாட்டில் அது நான்கு வாட்டுக்கு மேல் தனக்குள்ளேயே இழக்கிறது. பேட்டரி இருக்கும் பக்கம் கைபொறுக்காத அளவுக்குச் சூடானால் மட்டும் உடனே பேட்டரியை எடுத்து, எரியாத தரையில் வையுங்கள். அந்தப் பேட்டரியை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

அறிகுறி: மின்னேற்றம் முடிவதில்லை, அல்லது சீக்கிரம் முடிகிறது

பெட்டியின் யுஎஸ்பி வழியாக மின்னேற்றி, முடிந்தது என்று காட்டியதும் பேட்டரியை எடுத்து அளங்கள். 4.15 முதல் 4.20 வரை நல்லது. 4.25ஐத் தாண்டினால் அப்பெட்டியின் மின்னேற்றும் பகுதியை இனிப் பயன்படுத்தக் கூடாது. 4.0க்குக் கீழேயே நின்றுவிட்டால் முதலில் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். 2500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 1 ஆம்பியரில் மூன்று மணி நேரம் ஆவது இயல்பே. பெட்டி நன்றாக இருந்தாலும், தனி மின்னேற்றியையே நான் பரிந்துரைப்பேன். அவற்றில் சில பேட்டரியின் உள் மின்தடையையும் காட்டுவதால், மேலே சொன்ன சோர்வைப் பயன்பாட்டில் தெரிவதற்கு முன்பே கண்டுகொள்ளலாம்.

அறிகுறி: பொத்தானை விட்ட பிறகும் காயில் எரிகிறது

மற்ற எல்லா அறிகுறிகளுக்கும் பொறுமையாகச் சோதிக்கலாம், இதற்கு மட்டும் கூடாது. முதல் வேலை பேட்டரியை வெளியே எடுப்பது. மூடி சூடாக இருந்தால் துணியால் பிடித்துத் திருகுங்கள். பொத்தானின் ஓரத்தில் திரவம் புகுந்து ஒட்டியிருந்தால் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, ஒரு நாள் காயவிட்டு, அழுத்தும்போது தெளிவான ‘கிளிக்’ ஒலி திரும்பியதா என்று பார்க்கலாம். பொத்தான் தடையின்றி மீள்கிறது, ஆயினும் காயில் எரிகிறது என்றால், மின்னோட்டத்தை விட்டு நிறுத்தும் மின்னணுச் சுவிட்சான மாஸ்ஃபெட், மின்னோட்டத்தை விடும் நிலையிலேயே பழுதாகியிருக்கலாம். பத்து நொடியில் நிறுத்தும் பாதுகாப்பு அந்நிலையில் வேலை செய்யாது. நிறுத்தச் சொல்லும் கட்டளை அந்த மாஸ்ஃபெட் வழியாகத்தான் செயல்பட வேண்டும். இதற்குத் திருத்தம் இல்லை. பெட்டியை மின்னணுக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள். பேட்டரியையும் கழிக்க வேண்டியிருந்தால், அதன் இரு முனைகளையும் டேப்பால் மூடி, பெரிய கடைகளின் வாசலில் வைத்துள்ள பேட்டரி சேகரிப்புப் பெட்டியில் போடுங்கள், வீட்டுக் குப்பையில் போட வேண்டாம்.